சதையும் சாட்சியமும்

எங்கள் ஊர்க் குடைவரையின் வாயிலில் நிற்கும் துவாரபாலகர்கள் இருவரும் கனத்த உடம்புக்காரர்கள். இது என் கண்ணில் பட்டது முப்பது வயதுக்கு மேல்தான். அதுவரை அவர்கள் எனக்கு வெறும் தடியன்கள். சிறுவயதில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். "தடியன் கோயிலாண்ட ஆடு மேயுது" என்றால் இடம் புரிந்துவிடும். கை ஊன்றியிருக்கும் தடியினால் அந்தப் பெயர் வந்ததா, தடித்த தோளினால் வந்ததா என்று யாரும் கேட்டதில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே வேர் இருப்பது எங்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று.

மண்டகப்பட்டு விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே ஒரு பாறையைக் குடைந்து பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்குமாகக் கோயில் எடுத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. இவை எதுவுமின்றி விசித்திரசித்தனாகிய நான் இதைச் செய்வித்தேன் என்று சமஸ்கிருதத்தில் கல்லில் வெட்டியும் வைத்தான். சரித்திர மாணவர்கள் இந்தச் சாசனத்துக்காகத்தான் வந்து போகிறார்கள். நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல. தடியன் என்ற சொல்லைப் பற்றி. அதன் பெண்பால் தடிச்சி. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பிலிருந்து அது என் அக்காவின் பெயராக இருந்தது.

*

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பக்கத்து ஊரில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறாள். ஊரார் வாயில் அது இன்றும் பால்வாடிதான்; அவள் டீச்சர். மத்திய அரசு 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் டில்லியில் கிளம்பிப் பல படிகள் இறங்கி அவளிடம் வந்து முடிகிறது. மாதாமாதம் குழந்தைகளை எடை போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது அவளுடைய வேலைகளில் ஒன்று. ஒரு குழந்தையின் கோடு கீழே இறங்கினால் அன்று அக்காவுக்குச் சோறு இறங்காது. வீடு தேடிப் போய் அந்தத் தாயிடம் பேசிவிட்டு வருவாள். எடை கூடுவது நல்ல சேதியாக இருக்கும் இடம் அவளுடைய வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

2019இல் அவள்மேல் ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று. குழந்தைகளுக்கு வரும் முட்டையையும் சத்துமாவையும் டீச்சரே தின்றுவிடுகிறார் என்பது புகார். கடைசி வரி இப்படி முடிந்ததாம்: ஆளைப் பார்த்தாலே தெரியும். புகாரில் சாட்சியம் என்று சொல்லத்தக்கது அந்த ஒரு வரிதான். தேதி கிடையாது, எண்ணிக்கை கிடையாது, பார்த்தவர் கிடையாது. உடம்பே சாட்சி.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். இருப்பேட்டை வாங்கிப் பார்த்தார். முட்டைகளை அட்டை அட்டையாக எண்ணினார். சரியாக இருந்தது. சத்துமாவுப் பாக்கெட்டுகளும் சரியாக இருந்தன. நேர்மையான மனிதர், சரியாக இருக்கிறது என்றே எழுதிக்கொண்டு போனார். கிளம்பும்போது மட்டும், கெட்ட எண்ணம் இல்லாமல், "நீங்களும் கொஞ்சம் வாயைக் கட்டுங்கம்மா. பாக்கறவங்க சொல்லத்தானே செய்வாங்க" என்றாராம். கணக்கு அக்காவை விடுவித்தது. உடம்பு விடுவிக்கவில்லை.

இதை எழுதும்போது அந்த அதிகாரியின் மேலும் கடுதாசி எழுதியவரின் மேலும் பழியைப் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. விசாரணைக்கு முதல் நாள் மாலை அக்கா கால் கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்தபோது நான் அவளுடைய பையைத் திறந்து பார்த்தேன். ஒரு பதிவேடு, காலி டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மடித்த குடை. நிமிர்ந்தபோது அவள் கதவருகில் நின்றிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. பையை எடுத்துப் போய் ஆணியில் மாட்டினாள்.

*

நான் செஞ்சியில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. ராத்திரிகளில் விமர்சனம் எழுதுகிறேன். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது, விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் எழுதிய ஒரு கட்டுரை என்னை வெகுநாள் ஆட்டிவைத்தது. படைப்பின் மதிப்பைப் படைப்பாளியின் உள்நோக்கத்தைக் கொண்டு நிர்ணயிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதிலிருந்து நான் எனக்கென்று ஒரு விதியை வகுத்துக்கொண்டேன்: கவிதையில் சோகம் இருப்பதால் கவிஞன் சோகமாக இருந்தான் என்று சொல்லாதே. பிரதியைப் பார், பிரதிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஆளைத் தேடிக் கிளம்பாதே. இந்த விதியை மீறிய எத்தனையோ பேரை நான் இதே பக்கங்களில் கண்டித்திருக்கிறேன்.

அதே நான் அக்காவின் உடம்பைப் பார்த்து, அதற்குப் பின்னால் ஒரு உள்நோக்கத்தைத் தேடிப் பையைத் திறந்தேன். கவிதைக்குக் கொடுத்த நியாயத்தைக் கூடப் பிறந்தவளுக்குக் கொடுக்கவில்லை. பருத்த உடம்பு ஒரு விளைவு. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் அதைப் பார்க்கிறவனுக்குக் காரணம் ஒன்றுதான், அதுவும் பார்த்த கணத்திலேயே தெரிந்துவிடுகிறது: தின்றாள். அதன் பின்னே குணம் பற்றிய தீர்ப்புகள் வரிசையாக வருகின்றன. கட்டுப்பாடு இல்லாதவள், சோம்பேறி, மற்றவர் பங்கையும் தின்னக்கூடியவள்.

நம் சினிமா இதற்கு வெகுநாள் பயிற்சி கொடுத்திருக்கிறது. உசிலைமணி, குண்டு கல்யாணம் என்று பருத்த நடிகர்கள் திரையில் தோன்றியதுமே கொட்டகை சிரித்தது. வசனம் பிறகு வந்தது. குண்டு என்பது கல்யாணத்தின் பெயரிலேயே முன்னொட்டாக ஏறிவிட்டது. 1980களின் நகைச்சுவைக் காட்சிகளில் பிந்து கோஷின் உடம்புதான் நகைச்சுவை. அவர் 2025 மார்ச்சில் காலமானபோது என் தலைமுறைக்காரர்கள் பலருக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர் உருவம்தான்; நடிப்பு அப்புறம்தான். ஒல்லிக்கும் கேலி உண்டு. நரசிம்மனுக்கு ஓமக்குச்சி என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஒல்லியானவனைப் பற்றிய கேலி உடம்போடு நின்றுவிடும். பருத்தவனைப் பற்றியது உடம்பைத் தாண்டிக் குணத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சினிமாவைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது சிறுபத்திரிகைக்காரனுக்குச் சுலபம். நம் எழுத்தில் என்ன இருக்கிறது? வட்டிக்கு விடுகிறவன், பண்ணையார், லஞ்சம் வாங்கும் அதிகாரி, போலிச் சாமியார் ஆகியோருக்குத் தொந்தியை வைத்துவிட்டால் பாத்திர வார்ப்பு பாதி முடிந்தது. உழைப்பாளிக்கு விலா எலும்பு தெரிந்தாக வேண்டும். விமர்சனத்தின் பாஷை இன்னும் மோசம். நல்ல கவிதைக்கு நாம் வைத்திருக்கும் விசேஷணங்களைப் பாருங்கள்: இறுக்கம், செறிவு, சிக்கனம், கட்டுக்கோப்பு. பிடிக்காத உரைநடைக்கு 'ஊளைச்சதை' என்று நானே ஒரு முறை எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அந்த இதழ் வீட்டு மேஜைமேல் கிடந்தது. அக்கா நான் எழுதுவதையெல்லாம் படிக்கிறவள். அந்தக் கட்டுரையைப் பற்றி மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

'ஸ்தூலம்' என்ற சொல்லின் கதை இன்னும் விசித்திரம். ஸ்தூலமான படிமம் என்று எழுதினால் அது கவிதைக்குப் பாராட்டு. ஸ்தூல சரீரம் என்று ஒரு பெண்ணைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். அக்காவைப் பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். தரகர் அந்தச் சொல்லையெல்லாம் பயன்படுத்தவில்லை. "கொஞ்சம் பூசினாப்ல இருக்கும்" என்றுதான் சொல்லி வைத்திருந்தார். நல்ல சொல்தான். ஆனால் வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

*

எனக்கு 34 வயதானபோது வங்கியில் மருத்துவ முகாம் நடந்தது. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 62 கிலோ. உடல் நிறைக் குறியீட்டெண் 22 என்று சீட்டில் எழுதி, பக்கத்தில் 'இயல்பு' என்று ஒரு முத்திரையும் குத்தினார்கள். அன்றே எடுத்த ரத்தப் பரிசோதனையில், வெறும் வயிற்றில் சர்க்கரை 168. உயரமும் சர்க்கரையும் ஒரே எண் என்று சக ஊழியர்கள் சிரித்தார்கள். எனக்கு நீரிழிவு.

செய்தி தெரிந்தவர்கள் ஒருவர் தவறாமல் சொன்னது ஒன்றுதான்: "உங்களுக்கா? ஒல்லியாத்தானே இருக்கீங்க? பரம்பரையா இருக்கும்." இருக்கலாம். அப்பாவுக்கு இருந்தது. ஆனால் நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் போண்டா, நாள் முழுக்க நாற்காலி என்ற என் வாழ்க்கையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. வீட்டில் அம்மா அக்காவுக்கு மூன்று இட்லி எண்ணி வைப்பாள். எனக்கு எண்ணிக்கை கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் இருவருக்கும் அப்பா ஒருவர்தான். எனக்கு அவர் பரம்பரையாக வந்தார். அக்காவுக்கு அவர் வரவே இல்லை. அவளுக்கு அவளுடைய வாய்தான் காரணம்.

அந்தச் சீட்டிலிருந்த எண்ணைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் சூத்திரத்தை 1832இல் கொடுத்தவர் கெட்லே என்ற பெல்ஜியக்காரர். அவர் வைத்தியர் அல்ல. வானியலும் புள்ளியியலும் தெரிந்தவர். 'சராசரி மனிதன்' என்ற கருத்தைத் தேடியவர். தனியொரு ஆளின் ஆரோக்கியத்தை அளப்பது அவர் உத்தேசமே அல்ல. 1972இல் அமெரிக்காவில் ஆன்சல் கீஸ் அதற்கு இப்போதுள்ள பெயரைக் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனம் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன் என்று கோடு போட்டது. நம் நாட்டு வைத்தியர்கள் 2009இல் கூடி, இந்தியர்களுக்கு அந்தக் கோடுகளை 23, 25 என்று இறக்கினார்கள். காரணம் இல்லாமல் இல்லை. குறைந்த எடையிலேயே நமக்கு நீரிழிவு வந்துவிடுகிறது. ஆனால் முதல் நாள் ராத்திரி சாதாரணமாகப் படுத்த ஒருவர் மறுநாள் காலை பருமனானவராக எழுந்திருக்க முடியும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதைவிட என்னைப் பாதித்தது ஒரு புகைப்படம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். 2004இல் லான்செட் பத்திரிகையில் வந்தது. இருவருக்கும் குறியீட்டெண் 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. யாஜ்னிக் குழு 1993இல் புனேக்குப் பக்கத்துக் கிராமங்களில் தொடங்கிய ஆய்வில், அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; ஒப்பிட்ட இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் உறுப்புகளும் குறைவாக இருந்தன. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாயின் பட்டினியும் பாட்டியின் பட்டினியும் பேரனின் ரத்தத்தில் சர்க்கரையாகக் கணக்குக் காட்டுகின்றன என்று இதைப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. அக்கா தராசில் தூக்கிவைக்கும் குழந்தைகளும் இந்தக் கதைக்குள் இருப்பவர்கள்தான்.

ஆக, யாருக்குக் கொழுப்பு என்ற கேள்வியில் பார்வை ஒரு நம்பகமான சாட்சி அல்ல. ஆளைப் பார்த்தால் தெரியாது. என்னைப் பார்த்தே தெரியவில்லை.

*

அக்காவுக்கு மாதவிலக்கு பதினாறு வயதிலிருந்து ஒழுங்காக வந்ததில்லை. மூன்று மாதம் வராது. வந்தால் பதினைந்து நாள் நிற்காது. பார்த்த வைத்தியர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினார்கள்: முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள். அவள் குறைத்துப் பார்த்தாள். ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். விடியற்காலையில் ஏரிக்கரையில் நடந்தாள். எதிரே வருகிறவர்கள் சிரிப்பதால் அதை நிறுத்தினாள். ஏழு கிலோ குறைந்து ஒன்பது கிலோ ஏறியது. 38 வயதில்தான் ஒரு பெண் மருத்துவர் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சினைப்பை நீர்க்கட்டி நோய். சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இருவர் 1935இலேயே விவரித்துவைத்த ஒன்று. அக்காவின் விஷயத்தில் அது கண்டுபிடிக்கப்பட 22 வருஷம் ஆயிற்று, ஏனெனில் சோதிக்க வேண்டிய இடத்தில் அவளுடைய உடம்பு மறைத்துக்கொண்டு நின்றது.

வீட்டில் காற்றே மாறிவிட்டது. அம்மா அழுதாள். இட்லியை எண்ணுவதை நிறுத்தினாள். அத்தை, சித்தி எல்லோரும் "பாவம், அது ஹார்மோனாம்" என்று பேசிக்கொண்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும். எனக்கு ஒரு கடன் தீர்ந்த மாதிரி இருந்தது. அக்காவிடம் போய், "இத்தனை வருஷம் உன்மேல தப்பே இல்லேன்னு இப்பத்தான் தெரியுது" என்றேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "நேத்து வரைக்கும் திருடி. இன்னிக்கி நோயாளி. ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஒரு எடம் கெடையாதாடா தம்பி?"

இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தக் கேள்விதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் செய்த தவறு எது என்பது அதில் தெரிந்தது. நோய் என்ற சான்றிதழ் கிடைத்ததும் நாங்கள் அவளை மன்னித்தோம். மன்னிப்பதற்கு எங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று யோசிக்கவில்லை. குற்றவாளிக் கூண்டு அப்படியே இருக்கிறது. இவளை மட்டும் மருத்துவக் காரணத்தைக் காட்டி இறக்கிவிட்டோம். சான்றிதழ் இல்லாதவர்கள் இன்னும் ஏறி நிற்கிறார்கள். நாளைக்குச் சோதனைச் சீட்டு பொய் என்று வந்தால் அவளும் திரும்ப ஏற வேண்டியதுதான்.

சான்றிதழும் அப்படியொன்றும் சுத்தமானது அல்ல. அந்த மருத்துவரே சொன்னார்: இந்த நோய் எடையைக் கூட்டும், கூடிய எடை நோயை முற்றவைக்கும், எது முன்னே எது பின்னே என்று பிரிக்க முடியாது. காரணம் ஒன்றைத் தனியாக உருவி எடுத்துக் காட்ட முடிந்த உதாரணங்கள் மிகச் சில. 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசுவிலிருந்து கிளம்பி, போதும் என்று மூளைக்குச் சொல்வது அது. 1997இல், இங்கிலாந்தில் வசித்த பாகிஸ்தானியக் குடும்பமொன்றின் இரண்டு குழந்தைகளுக்கு அந்த ஹார்மோனே பிறவியில் இல்லை என்று தெரிந்தது. எட்டு வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. ஊசிமூலம் ஹார்மோனைக் கொடுத்ததும் அடங்காத பசி அடங்கியது, எடை இறங்கியது. அந்தக் குழந்தைக்குத் திடீரென்று நற்குணம் வந்துவிட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே பசி காரணம் தெரியாமல் வந்தால் அதற்கு நாம் பேராசை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

*

அப்படியானால் தனிமனிதப் பொறுப்பு என்று ஒன்று இல்லவே இல்லையா என்று வங்கி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இருக்கிறது. நான் டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். அது என் பொறுப்பு. ஆனால் பொறுப்பு என்பது ஒருவர் தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ளும்போது ஒரு பொருளும், எதிரே நிற்பவரை நோக்கிச் சொல்லும்போது வேறு பொருளும் தருகிற சொல். இரண்டாவது பெரும்பாலும் பொறுப்பு அல்ல, பழி.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015–16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேருக்குக் குறியீட்டெண் 25க்கு மேல். 2019–21இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2, 37 ஆயிற்று. நான்கைந்து வருஷத்துக்குள் பத்தில் ஒரு பெண்ணுக்குப் புதிதாகக் கட்டுப்பாடு போய்விட்டது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நிலத்தில் வேலை குறைந்தது. கம்பும் கேழ்வரகும் தட்டிலிருந்து போய் வெள்ளை அரிசி நின்றது. 2007இல் ரேஷன் கடையில் பாமாயில் மலிவு விலைக்கு வந்தது; 2011இல் அரிசி இலவசமாயிற்று. பட்டினி கிடந்த ஜனங்களுக்கு இவை பெரிய உபகாரங்கள். அதை மறுக்கிறவன் பட்டினியைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அதே சமயம் அவை ஒரு ஊரின் உடம்பை மாற்றியிருக்கின்றன. 2025 பிப்ரவரியில் பிரதமர் தம் வானொலி உரையில், பருமனைக் குறைக்க ஆளுக்குப் பத்து சதவீதம் எண்ணெயைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். தவறான புத்திமதி அல்ல. ஆனால் எண்ணெய் எப்படிச் சட்டிக்கு வந்தது என்ற கதை அதில் இல்லை. சட்டியின் முன் நிற்கும் பெண் மட்டும் இருக்கிறாள்.

குறைக்க முயல்கிறவர்களையாவது நாம் விட்டுவைக்கிறோமா? 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின்போது இறந்துபோனார். மறுநாள் மத்தியானம் வங்கியில் டிபன் பாக்ஸைத் திறந்தபடி ஒருவர் சொன்னார்: "வாயக் கட்டியிருந்தா கத்தி எதுக்கு?" இறந்தவனுக்கு 30 வயதுகூட ஆகவில்லை. கூடாமல் இருந்தால் குற்றம் இல்லை; கூடினால் குற்றம்; குறைக்கக் கத்தியைத் தேடினால் அதுவும் குற்றம். பசியை அடக்கும் ஊசிமருந்து 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. வாரத்துக்கு ஒன்று, அப்போது அளவைப் பொறுத்து 3,500 ரூபாயும் 4,375 ரூபாயுமாக இருந்தது. உழைக்காமல் குறைக்கிறார்கள் என்று அதற்கும் பேச்சு வந்துவிட்டது. மனவுறுதி என்று நாம் இவ்வளவு நாள் பூஜித்த ஒன்றின் பெரும்பகுதி ஒரு குப்பியில் அடங்கிவிடுகிறது என்பது நமக்குப் பிடிக்கவில்லை. அந்த விலையில் அது அக்காவுக்குக் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

*

போன காணும் பொங்கலன்று அக்காவும் நானும் குடைவரைப் பக்கம் போனோம். கும்பல் கலைந்த பிறகுதான் போனோம். அவளுக்கு அப்படித்தான் வழக்கம். மூன்று கருவறைகளும் காலியாக இருக்கின்றன. துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். ஒருகாலத்தில் சிற்பிக்கு ஒரு காவலாளியின் கௌரவத்தைக் காட்டக் கனம் தேவைப்பட்டிருக்கிறது. 'செதுக்கி வைத்தாற்போல உடம்பு' என்று நாம் ஒல்லியான பெண்களைப் புகழ்கிறோமே, எந்தச் சிற்பத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

சாசனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்கா கேட்டாள். அவள் சின்ன வயதில் இங்கே வர மறுத்தவள். தடியனுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பையன்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால். நான் சொன்னேன்: செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை.

"எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு மாதிரியே இருக்குது" என்றாள். "அரிசி இல்ல, சக்கர இல்ல, எண்ணெ இல்ல." சிரித்துக்கொண்டே மண்டபத்துத் தரையில் உட்கார்ந்தாள். கல் குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பையைத் திறந்து பார்த்ததைப் பற்றி அப்போது பேசலாம் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "அந்தக் கடுதாசி யார் எழுதனான்னு எனக்குத் தெரியும்." யார் என்று கேட்டேன். சொல்லவில்லை. "அவங்க வீட்டுக் கொழந்த போன மாசம் எட இறங்கிப்போச்சு. அதான் ரெண்டு நாளா அங்க போயிட்டு வரேன்" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வங்கியிலிருந்து வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"முந்நூறு கிராம் ஏறியிருக்குதுடா" என்றாள்.